வாடை திரும்புமுன்

பருத்தித்துறைச் சனத்துக்குக் காற்றைப் பற்றி யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. வெளிச்சவீட்டடியில் கொஞ்சநேரம் நின்றால் போதும், எந்த மாதமென்று முகத்தில் படுகிற காற்றே சொல்லிவிடும். வைகாசியில் பிடிக்கிற சோளகம் தென்மேற்கிலிருந்து புழுதியை வாரிக்கொண்டு வரும். ஐப்பசிக்குப் பிறகு வாடை, வடகிழக்கிலிருந்து மழையும் ஈரமுமாக வரும். மருந்தாளராக வேலை செய்த முப்பது வருடத்தில் இந்த இரண்டு காற்றையும் நான் மருந்துத் துண்டுகளிலும் பார்த்திருக்கிறேன். சோளகத்தில் தும்மல், மூக்கால் ஓடுதல், கண்கடி. வாடையில் தடிமன், அதன் பின்னாலே முட்டு. தொய்வு என்று நாங்கள் சொல்கிற ஆஸ்துமாதான்.

இப்போது புரட்டாதி. சோளகம் ஓயப்போகிறது, வாடை இன்னும் திரும்பவில்லை. தொய்வுக்காரர் பலர் மருந்தை மறந்துபோகிற மாதம் இது. அதனால்தான் இன்றைக்கு இந்தப் பேச்சை எடுத்தேன்.

வீட்டுச் சங்கதிகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். மாரியில் சுவரில் பிடிக்கிற பூஞ்சணத்தைத் துடையுங்கள். பஞ்சுத் தலையணையில் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகள் குடியிருக்கும். வெயில் உள்ள இந்த நாட்களிலேயே தலையணையைக் காயவைத்து, உறைகளைச் சுடுநீரில் தோயுங்கள். நுளம்புத்திரிக்குப் பதிலாக நுளம்புவலை கட்டுங்கள். சாம்பிராணி போடுகிற நேரம் தொய்வுக்காரப் பிள்ளை முற்றத்தில் நிற்கட்டும். மூக்கடைப்பைச் சின்ன விஷயமென்று விடவேண்டாம். மூக்கு அமைதியாக இருந்தால் நெஞ்சும் பாதி அமைதியாகும். 2022 மார்கழி 9ஆம் திகதி நினைவிருக்கிறதா? இந்தியப் பக்கமிருந்து மாசுக் காற்று வந்து சேர்ந்து, நாடு முழுவதும் பாடசாலைகளுக்கு விடுமுறை கொடுத்த நாள். வங்கக்கடலில் மாண்டஸ் புயல் நின்ற நேரம். அப்படியான நாளில் வயோதிபரும் பிள்ளைகளும் உள்ளே இருப்பதுதான் நல்லது.

சரி, இனி பம்புக்கு, அதாவது இன்ஹேலருக்கு, வருகிறேன். அதைப் பற்றிப் பேசத்தான் எனக்கு உண்மையில் ஆசை.

1955இல் அமெரிக்காவில் 13 வயதுச் சிறுமி ஒருத்தி, ரப்பர் பந்தை அமுக்கி மருந்தைப் புகாராக்கும் கண்ணாடிக் கருவியோடு தொய்வில் கஷ்டப்பட்டாள். தலைமயிருக்கு அடிக்கிற ஸ்பிரே மாதிரி என்ரை மருந்தையும் ஏன் டப்பாவில் அடைக்கக்கூடாது என்று தகப்பனைக் கேட்டாள். தகப்பன் ஜோர்ஜ் மேசன் ஒரு மருந்துக் கம்பெனியின் தலைவர். அடுத்த வருடமே, 1956இல், பம்ப் கடைக்கு வந்துவிட்டது. ஒரு பிள்ளை கேட்ட கேள்வியில் பிறந்த சாமான் அது. பம்பைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பிள்ளையின் நினைவு வரும்.

ஆனால் எங்கள் ஊரில் அதற்குக் கெட்ட பெயர். "பம்ப் கடும் மருந்து, பழகிப்போகும், குளிசை போதும்" என்பார்கள். கணக்கைப் பாருங்கள். சல்பியூட்டமோல் குளிசை ஒன்று 4 மில்லிகிராம். அதே மருந்துள்ள நீலப் பம்பின் ஒரு அமுக்கில் வருவது 100 மைக்ரோகிராம். ஒரு குளிசைக்குள் 40 அமுக்கின் மருந்து இருக்கிறது! அந்தக் குளிசை உடம்பெல்லாம் சுற்றி, கையை நடுங்கவைத்த பிறகுதான் நெஞ்சுக்குப் போகிறது. பம்ப் நேரே மூச்சுக்குழாயில் போய் நிற்கிறது. இதில் எது கடும் மருந்து?

புலோலிப் பக்கம் ஒரு அம்மா. தட்டைவடை சுட்டு விற்கிறவர். பனைமட்டையும் ஊமலும் எரிகிற அடுப்புக்கு முன்னால், செத்தல் மிளகாய் நெடிக்குள் நாள் முழுக்க நிற்பார். நீலப் பம்ப் மாதத்துக்கு ஒன்று முடியும். தினமும் எடுக்கவேண்டிய மண்ணிறப் பம்போ பெட்டி பிரிக்காமல் அலுமாரியில் கிடந்தது. ஏனம்மா என்று கேட்டேன்.

"தம்பி, நீலம் எடுத்தா உடனை மூச்சு விடுகுது. மற்றதை எடுத்தா ஒண்டும் தெரியேல்லை. பிறகேன் அதை எடுப்பான்?"

நியாயமான கேள்வி. நீலப் பம்ப், இறுகின குழாயைத் தளர்த்தி நாலைந்து மணித்தியாலம் தவணை வாங்கித் தரும். குழாயின் உள்ளே இருக்கிற வீக்கம் அப்படியே இருக்கும். மண்ணிறப் பம்ப் அந்த வீக்கத்தைத்தான் வற்றவைக்கிறது, அதற்குக் கிழமைக் கணக்குத் தேவை. நான் அந்த அம்மாவிடம் சொன்னது இதுதான்: "ஒழுகிற இடத்திலை சட்டி வைக்கிறது நீலம். கூரை மேயிறது மண்ணிறம். மழை தொடங்கினாப் பிறகு கூரை மேயேலாதம்மா." ஓலைக்கூரையில் வாழ்ந்தவர், உடனே விளங்கிக்கொண்டார். வளர்ந்தவர்கள் நீலத்தை மட்டும் நம்பியிருக்கக்கூடாது என்று கினா என்ற உலக ஆஸ்துமா வழிகாட்டுக் குழுவும் 2019இலிருந்து சொல்லிவருகிறது.

பிறகு, எடுத்துக் காட்டுங்கோ என்றேன். வாயைத் திறந்து, அமுக்கி, உடனே மூடினார். மருந்தெல்லாம் நாக்கிலும் தொண்டையிலும். பத்து வருடமாக அப்படியே எடுத்திருக்கிறார், பார்த்துத் திருத்த ஒருவர் இல்லை. சேர்ந்து பழகினோம். பம்பைக் குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, உதட்டை இறுக்கி மூடி, மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கும்போது அமுக்கி, இழுத்துக்கொண்டே போய், பத்து எண்ணும்வரை அடக்கவேண்டும். ஒரு நிமிடம் கழித்து இரண்டாவது. மண்ணிறம் எடுத்தால் கடைசியில் வாய் கொப்பளிக்கவேண்டும், இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படரும். நாலாம் முறைதான் அவருக்குச் சரிவந்தது. பம்பின் பக்கத்தில் பேனையால் திகதி எழுதிக் கொடுத்தேன். 200 அமுக்கு, காலை இரண்டு, இரவு இரண்டு, ஐம்பதாம் நாள் முடியும். ஆட்டிப் பார்த்துச் சத்தம் கேட்டால் மருந்து இருக்கிறதென்று நம்பவேண்டாம்.

சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்பேசர், அதாவது பம்புக்கும் வாய்க்கும் இடையில் பொருத்துகிற கூடு, கட்டாயம். வாங்க வசதியில்லாத தாய்மாரே, அரை லீற்றர் சோடாப் போத்தலின் அடியில் பம்பின் வாய் இறுக்கமாகப் பொருந்த ஓட்டை போட்டுச் செய்தது, கடை ஸ்பேசருக்கு இணையாக வேலை செய்கிறதென்று தென்னாபிரிக்க வைத்தியர் ஹெதர் சாரின் குழு 1999இல் லான்செட் இதழில் காட்டியது. எப்படிச் செய்வதென்று கிளினிக்கில் ஒருமுறை காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

நேரம் முடியப்போகிறது என்று வானொலிக் கலையகக் கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். முக்கியமான ஒன்று. ஒரு வசனத்தை முழுதாகச் சொல்லமுடியாமல் மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாரித்தால், விடியட்டும் என்று பார்க்கவேண்டாம். நீலப் பம்பை எடுத்துக்கொண்டே 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசில்லை.

அந்த அம்மா அடுத்த மாரியிலும் வடை சுட்டார். நீலப் பம்ப் அந்த மாரி முழுக்க ஒன்றே போதுமாக இருந்தது. உங்கள் வீட்டு அலுமாரியிலும் பிரிக்காத மண்ணிறப் பெட்டி ஒன்று இருந்தால், வைத்தியர் தினமும் எடுக்கச் சொன்னதாக இருந்தால், திகதியைப் பார்த்து இன்றிரவே பிரியுங்கள். அடுத்த கிளினிக்குக்குக் கொப்பியோடு பம்பையும் கொண்டுபோய், எடுத்துக் காட்டுங்கள். வாடை திரும்ப இன்னும் சில கிழமை இருக்கிறது.