இளங்குதிரையின் அரங்கேற்றம்



20 மீற்றர் அகலமும் 40 மீற்றர் நீளமும் உடைய ஒரு மணற்றரை. அதனைச் சுற்றி முழங்காலுக்கும் எட்டாத உயரத்தில் வெண்ணிறப் பலகை வேலி. வேலியோரத்தில் இடைக்கிடை ஆங்கில எழுத்துக்கள். ஒரு முனையிலே நடுவர்; அவர் பக்கத்தில், அவர் சொல்வதை எழுதிக்கொள்ள ஓர் எழுதுநர். இவ்வரங்கினுள் ஒரு குதிரையும் அதன்மேல் ஒருவரும் நுழைந்து, நான்கைந்து நிமிடங்கள் குறித்த முறைப்படி நடந்தும் ஓடியும் நின்றும் காட்டிவிட்டு வெளியேறுகின்றனர். தாண்டுவதற்குத் தடையில்லை, முந்துவதற்கு எதிராளியில்லை. இதற்கு டிரெஸ்ஸாஜ் என்று பெயர். பயிற்றுதல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் அது.

குதிரை என்றதும் நம்மவர்க்கு நுவரெலியாப் பந்தயத் திடல் நினைவுக்கு வரும். அல்லது நெடுந்தீவில் அந்நியர் ஆட்சிக் காலத்தின் எச்சமாய்த் திரியும் கட்டாக்காலிக் குதிரைகள் நினைவுக்கு வரும். ஆயினும், குதிரையின் நடையை ஐங்கதி என ஐந்தாக வகுத்துப் பெயரிட்டது நம் மொழி. ஆகவே, ஒரு குதிரை நடக்கும் அழகுக்குப் புள்ளியிடுகிறார்கள் என்றால் நாம் வியப்படைய வேண்டியதில்லை.

இக்கலை மிகப் பழையது. கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் செனபோன் என்னும் கிரேக்கப் படைத்தலைவர் குதிரையேற்றம் பற்றி ஒரு நூல் செய்தார். வலிந்து செய்விக்கப்பட்ட எதிலும் அழகு இராது என்பது அவர் கொள்கை. வியன்னா நகரின் ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளியில், 1735இல் கட்டி முடிக்கப்பட்ட மண்டபத்திலே, வெண்பரிகள் இன்றும் இக்கலையைப் பயில்கின்றன. ஒலிம்பிக் விழாவில் 1912இல் இது இடம்பெற்றது. ஆனால் நெடுங்காலம் இராணுவ அதிகாரிகளுக்கே உரியதாய் இருந்தது. 1952இல் ஹெல்சிங்கியிற்றான் பெண்களும் படைசாராதவரும் அனுமதிக்கப்பட்டனர். அவ்வாண்டு வெள்ளிப்பதக்கம் வென்றவர் டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்ட்டல் என்னும் அம்மையார். 1944இல் இளம்பிள்ளைவாதத்தால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர் அவர். காலின் அழுத்தத்தாலே குதிரையோடு பேசும் கலையில், கால் வழங்காத ஒருவர் தம் இருக்கையின் அசைவாலும் எடையாலுமே ஜூபிலி என்ற தம் பெட்டைக்குதிரைக்குக் கருத்தை உணர்த்தினார்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அத்தகைய பெருவிழாக்களைப் பற்றியன்று. இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களிலே, வார இறுதி தோறும், ஏதேனும் ஒரு பண்ணையிலோ குதிரையேற்றக் கழகத்திலோ நடைபெறும் சிறு போட்டிகளைப் பற்றியது. அங்கே நான்கு வயதுக் குதிரையொன்றை முதன்முறை கொண்டு செல்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளையின் நடன அரங்கேற்றத்துக்கு எத்துணை ஆயத்தமோ அத்துணை ஆயத்தம் இதற்கும் உண்டு. ஒரு வேறுபாடு: பிள்ளைக்குத் தான் எங்கே போகிறது என்பது தெரியும், குதிரைக்குத் தெரியாது.

நான்கு வயதுக் குதிரை, தோற்றத்தில் முழுக் குதிரை. உள்ளே இன்னும் வளரும் பருவம். அதன் முதுகெலும்புத் தொடர் முழு முதிர்ச்சியடைய ஐந்தாறு ஆண்டுகள் செல்லும். ஒலிம்பிக் தரத்துக் கிரான்ட் பிரீ போட்டிகளில் எட்டு வயதுக்குக் குறைந்த குதிரைக்கு இடமில்லை. ஜேர்மானியர் பயிற்சியை ஆறு படிகளாக வகுத்துள்ளனர்: தாளம், இறுக்கமின்மை, கடிவாளத்தோடு இயைபு, உந்து விசை, நேர்மை, ஒடுக்கம் என்பன அவை. இளங்குதிரையிடம் முதல் மூன்றைக் கேட்பதே முறை. நடையில் நான்கு அடி. பெருநடையில் மூலைவிட்டமாய் இணைந்த கால்கள் இரண்டிரண்டாய் வைக்கும் இரண்டு அடி. மென்பாய்ச்சலில் மூன்று அடி. இத்தாளம் குலையாமல், முதுகு இறுகாமல், ஏறியிருப்பவரின் கையை நம்பிக் கடிவாளத்தை ஏற்றுக்கொண்டு செல்கிறதா என்பதே கேள்வி.

வீட்டில் இவை யாவும் செம்மையாய் நடக்கும். அயலிடத்தில் ஏன் குலைகின்றன என்றறியக் குதிரையின் இயல்பை அறிதல் வேண்டும். அது வேட்டையாடும் விலங்கன்று, வேட்டையாடப்பட்ட விலங்கு. கண்கள் தலையின் இரு பக்கத்திலும் அமைந்திருப்பதால், ஏறக்குறைய 350 பாகை வட்டத்தை ஒருசேரக் காண்கிறது. நெற்றிக்கு நேர்முன்னும் வாலுக்கு நேர்பின்னுமே அதற்குக் காட்சியில்லை. காதுகள் ஒவ்வொன்றும் தனித்தனியே திரும்பும். கூட்டத்தைப் பிரிந்தால் உயிருக்கு ஆபத்து என்பது அதன் இரத்தத்தில் ஊறிய அறிவு. இப்படிப்பட்ட பிராணியைத் தன் கூட்டத்திலிருந்து பிரித்து, இருண்ட பெட்டி போன்ற வண்டியில் ஏற்றி, கொடிகளும் ஒலிபெருக்கியும் முன்பின் அறியாத ஐம்பது குதிரைகளும் உள்ள இடத்தில் இறக்கி, அமைதியாய் இரு என்கிறோம். அது அமைதியாய் இருந்தால் அதுவன்றோ அதிசயம்!

ஆகையால், ஆயத்தம் வண்டியிலிருந்து தொடங்குகிறது. போட்டிக்குப் பல வாரங்களுக்கு முன்பே, எங்கும் போகாமல், வண்டியின் சாய்பலகையில் ஏறவும் உள்ளே நின்று உலர்புல் தின்னவும் பின்வாங்கி இறங்கவும் பழக்குவர். பின்னர் ஊர்க்கோடிவரை ஓட்டிச் சென்று திரும்புவர். வளைவுகளில் மெதுவாகச் செலுத்துவர்; காலூன்றி நிற்கப் பழகாத குதிரை ஒருமுறை உள்ளே சறுக்கினால், மறுமுறை அதனை ஏற்றுவது பெரும்பாடு. உண்பதற்குப் புல் எப்போதும் இருத்தல் வேண்டும். குதிரையின் இரைப்பை அமிலத்தை ஓயாது சுரப்பது. வெறுவயிற்றுடன் நெடுநேரம் நின்றால் புண் உண்டாகும். நீரையும் வீட்டிலிருந்தே எடுத்துச் செல்வர். மணம் மாறிய நீரைப் பல குதிரைகள் குடிப்பதில்லை. குடிக்காமல் விட்டால், வயிற்றுவலி என்னும் குதிரைகளின் கொடிய நோய்க்கு அது வழி திறக்கும். குதிரையால் வாந்தியெடுக்க இயலாது என்பதை நேயர்கள் நினைவிற் கொள்க. குதிரையின் கடவுச்சீட்டும் உடன் செல்ல வேண்டும். ஆம், அங்கே குதிரைக்கும் கடவுச்சீட்டு உண்டு. அதிலே தடுப்பூசிக் குறிப்புகள் பதிவாகியிருக்கும்.

துணைக்கு வயது முதிர்ந்த, பழகிய குதிரையொன்றை அழைத்துச் செல்லலாமா என்பதில் வல்லுநரிடையே இரு கருத்துண்டு. பயணத்தில் அது பெருந்துணை. ஆனால், போட்டி வேளையில் இளங்குதிரை அரங்குக்குள்ளும் துணைக்குதிரை வண்டியருகிலுமாகப் பிரிய நேரும். அப்போது ஒன்று கனைக்க மற்றது பதில் கனைக்க, ஐந்து நிமிடமும் இந்தச் சம்பாஷணையிலேயே கழியும். முதல் தடவை போட்டியிற் சேராமல் வெறுமனே கூட்டிச் சென்று, சுற்றிக் காட்டி, புல் மேயவிட்டுத் திரும்புவதே மேல் என்பது என் எண்ணம். நுழைவுக் கட்டணம் செலுத்திவிட்டால் மனிதனுக்கு ஆசை பிறந்துவிடுகிறது. ஆசை பிறந்தால் கை இறுகுகிறது.

போட்டி நாள் வந்துவிட்டதாகக் கொள்வோம். குறித்த நேரத்துக்கு வெகு முன்பாகவே போய்ச் சேர வேண்டும். இறக்கியவுடன் சேணம் பூட்டுவதில்லை. கையிற் பிடித்து நடத்திப் பார்க்கவிடுவர். மிகத் துடிப்பாயிருந்தால், நீண்ட கயிற்றிலே வட்டமாக ஓடவிடுவர். பிடரி மயிரைச் சிறு சிறு முடிச்சுக்களாகப் பின்னுவது மரபு. வாலில் பச்சை நாடா கட்டியிருந்தால், இது பயிற்சி குறைந்த இளங்குதிரை, விலகிச் செல்க என்று பிறர்க்கு அறிவிப்பு. சிவப்பு நாடாவென்றால் உதைக்கும் என்று பொருள். வெப்பமூட்டும் களம் எனப்படும் பயிற்சித் திடலே உண்மையில் மிகக் கடினமான இடம். பல குதிரைகள் பல திசையில் ஓடும். எதிரே விரைந்து வரும் ஒரு குதிரையைக் கண்டு இளங்குதிரை மருளக்கூடும். அங்கே அரைமணி நேரம் உழைப்பதைவிட, ஓர் ஓரத்தில் பெரிய வட்டங்களாக நடத்தி, மூச்சு சீராகும்வரை காத்திருப்பது நலம்.

பின்னர் அரங்கு. நடுவர் சிறு போட்டிகளில் தம் மோட்டார் வண்டிக்குள்ளேயே அமர்ந்திருப்பார். மணியடித்தோ வண்டியின் ஊதுகுழலை ஒலித்தோ அழைப்பார். அழைத்து 45 விநாடிக்குள் நுழைதல் வேண்டும். அதற்கு முன் வேலிக்கு வெளியே இரு பக்கமும் சுற்றிவரக் கிடைக்கும் அந்தச் சில கணங்களை அறிந்தவர் வீணாக்கார். நடுவரின் வண்டியையும் பூச்சட்டிகளையும் எழுத்துப் பலகைகளையும் குதிரை இரு கண்ணாலும் பார்த்துக்கொள்கிறது. எழுத்துக்களின் வரிசை ஏ, கே, ஈ, எச், சி, எம், பி, எப் என நெடுங்கணக்குக்கு மாறாய் இருக்கும். எட்வேர்ட் அரசரின் குதிரைகளைப் பற்றிய ஒரு விளையாட்டு வாக்கியத்தால் ஆங்கிலப் பிள்ளைகள் இதனை மனனம் செய்கின்றனர். ஏ வழியாய் நுழைந்து, நடுக்கோட்டிலே நேராகப் பெருநடையிற் செல்வதோடு தேர்வு தொடங்குகிறது. செய்ய வேண்டியவற்றை வெளியே நின்று ஒருவர் உரக்க வாசிக்கவும் இத்தகைய போட்டிகளில் இடமுண்டு.

ஒவ்வோர் அசைவுக்கும் பத்துக்கு இத்தனை என்று புள்ளி. ஆறு என்றால் திருப்தி. ஐந்து என்றால் ஒருவாறு. செய்யவேயில்லை என்றால் பூச்சியம்.

குதிரை எம் என்னும் எழுத்தருகே உள்ள பூச்சட்டியைக் கண்டு வெருண்டு, மூலையை விட்டு உள்ளே பாய்கிறது என வைத்துக்கொள்வோம். ஏறியிருப்பவருக்கு அரை விநாடிதான் உண்டு. கடிவாளத்தை இழுத்து, சவுக்கால் அடித்து, மூலைக்குள் தள்ளினால், அந்த வட்டம் வடிவாய் அமைந்து ஆறு புள்ளி கிடைத்தாலும் கிடைக்கும். ஆனால் பூச்சட்டிக்கும் வலிக்கும் தொடர்புண்டு என்று குதிரை அன்றே பாடம் படித்துவிடும். அடுத்த அரங்கில் பூச்சட்டியைத் தூரத்திற் கண்டதுமே நிற்கும். மாறாக, அதன் தலையைச் சற்றே உள்நோக்கித் திருப்பி, உட்காலால் மெல்ல அணைத்து, தாம் முன்னே பார்த்தபடி, ஒரு மீற்றர் உள்தள்ளியே கடந்து செல்வாராயின், நடுவர் நான்கு இடுவார். அந்த இரண்டு புள்ளியைக் கொடுத்துவிட மனம் வேண்டும். பரிசு நாடா கண்முன் தொங்கும்போது அது எல்லோர்க்கும் எளிதன்று. இவ்விளையாட்டின் உச்சியிலும் இது எளிதாயில்லை. 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் விழாவுக்குச் சில நாட்களின் முன், புகழ்பெற்ற பிரித்தானிய வீராங்கனை ஒருவர், பயிற்சியின்போது குதிரையொன்றின் கால்களைச் சவுக்கால் மீண்டும் மீண்டும் அடித்த பழைய ஒளிப்பதிவு வெளிவந்தமையால் விலகினார். ஓராண்டுத் தடையும் பெற்றார்.

நான்கு கால்களும் வேலிக்கு வெளியே போய்விட்டால் குதிரை நீக்கப்படும். குதிரையின் அச்சம் அளவு மீறுவதாகக் கண்டால், ஏறியிருப்பவர் தாமே நின்று, நடுவரை வணங்கி விடைபெற்று வெளியேறலாம். அது விதியில் உள்ள உரிமை. இளங்குதிரையைக் கொண்டு வரும் ஒவ்வொருவரும், புறப்படுமுன்பே, இந்த உரிமையை இன்ன நிலையில் பயன்படுத்துவேன் என்று தம்முள் தீர்மானித்துக்கொள்வது நன்று. அரங்கின் நடுவே வியர்த்த கையுடன் தீர்மானிப்பது கடினம்.

தேர்வு முடிந்தவுடன் கழுத்தில் தட்டிக்கொடுத்து, கடிவாள வாரை முழுதும் தளர்த்தி, நடையாகவே வெளியே வருவர். சேணம் இறக்கி, நீர் காட்டி, புல் மேயவிடுவர். பின்னர், எழுதுநர் அவசரத்தில் கிறுக்கிய அந்தத் தாள் கைக்கு வரும். ஒவ்வொரு புள்ளிக்கும் எதிரே ஓரிரு சொற்கள்: பதற்றம், வளைவு போதாது, சீரான தாளம் என்பன போல. மொத்தம் 60 விழுக்காட்டைத் தாண்டியிருந்தால் முதல்முறைக்கு மகிழலாம். எனினும், மொத்தத்தைப் பார்க்குமுன், தாளின் முதற்பாதிப் புள்ளிகளையும் பிற்பாதிப் புள்ளிகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுடையது. முதலில் நான்கும் நாலரையுமாய்த் தொடங்கி, இறுதியில் ஆறும் ஆறரையுமாய் முடிந்திருந்தால், அந்த ஐந்து நிமிடத்துக்குள்ளேயே குதிரை தேறியிருக்கிறது. ஆறில் தொடங்கி நாலில் முடிந்திருந்தால், களைப்போ அச்சமோ கூடியிருக்கிறது. வீட்டில் இன்னும் சில வாரம் உழைக்க வேண்டும்.

மறுநாள் சேணமில்லை. தன் கூட்டத்தோடு புல்வெளியிலே நாள் முழுதும் திரிய விடுவர். அடுத்த பயணம் இரண்டு மூன்று வாரங்கள் கழித்து. இயன்றால் வேறோர் அரங்குக்கு. அங்கேயும் பூச்சட்டிகள் இருக்கும்.