சவரக் கத்தியும் செலவுக் கணக்கும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கியம் பேசவும் இசை பேசவும் அறிஞர் பலர் இம்மேடையில் அமர்ந்துள்ளனர். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, தண்டவாளமே இல்லாத இத்தீவுகளில் வளர்ந்து, இன்று சென்னையில் தண்டவாளத்தை நம்பிப் பிழைக்கும் இரயில்வே எழுத்தராகிய யாம் அவர்களோடு போட்டியிட எண்ணவில்லை. ஆடவர் நாள்தோறும் காலையில் கண்ணாடி முன் நின்று செய்யும் ஒரு சிறு செயலைப் பற்றியே பேச வந்தோம். பழைய சவரக் கத்தி, அதற்காகும் செலவுக்குத் தகுமா? சேஃப்டி ரேசரே போதுமா? தாய்மார்கள் பொறுத்தருள வேண்டும். வீட்டுச் செலவு என்ற வகையில் இது அவர்களுக்கும் உரிய வழக்கே.

எம் தந்தையார் சவரத் தொழில் செய்தவர். அதனை இம்மேடையில் சொல்ல எமக்கு நாணமில்லை. இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, 1964 ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பயனாகத் தாயகம் திரும்பி, கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்திற்குக் குடியேற வந்த குடும்பங்களுள் எமதும் ஒன்று. அவர் கொணர்ந்த தகரப் பெட்டியில் ஜெர்மனியின் சோலிங்கன் நகரிற் செய்த கத்தியொன்று இருந்தது. சாணைக்கல்லில் அதனை என்றோ ஒரு நாள்தான் தீட்டுவார். தோல்வாரில் நாள்தோறும் தீட்டுவார். அவ்வோசை கேட்டே யாம் கண்விழித்த நாட்கள் பல.

முதலிற் கணக்கைப் பார்ப்போம். யாம் ஒரு பிளேடை நான்கு சவரத்திற்கு வைத்துக்கொள்கிறோம். ஆண்டுக்கு 91 பிளேடு. எம் தெருக் கடையில் ஒன்று மூன்று ரூபாய். ஆக 273 ரூபாய். புதிய சோலிங்கன் கத்தியொன்றிற்கு யாம் விசாரித்த இடத்தில் 12,000 ரூபாய் கேட்டனர். தோல்வாருக்கும் கல்லுக்கும் மேலும் 4,000. பதினாறாயிரத்தை 273 ஆல் வகுத்தால் ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்கு மேலாகிறது. எமக்கு இப்போது வயது நாற்பத்தாறு. நூற்று நான்கு வயது கடந்த பின்னரே அக்கத்தியால் முதற்காசு மிச்சமாகும்!

ஆனால் இக்கால இளைஞர் வாங்குகிறார்களே, பல அலகு பொருத்திய தலையை மாற்றிக்கொள்ளும் ரேசர், அதனோடு ஒப்பிட்டால் கணக்கு தலைகீழாகும். எம் அலுவலக நண்பர் ஒருவர் 150 ரூபாய்த் தலையை மாதம் இரண்டு மாற்றுகிறார். ஆண்டுக்கு 3,600. அவருக்குச் சவரக் கத்தி நாலரை ஆண்டிலேயே முதலை மீட்டுத் தந்துவிடும். எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதிலேதான் விடை இருக்கிறது. பழைய கத்திக்காரர்கள் இதனைச் சொல்லாமல் மறைப்பதுண்டு.

எறிந்துவிடும் பிளேடைப் பெரும் வணிகமாக்கியவர் அமெரிக்கரான ஜில்லெட். 1903 ஆம் ஆண்டு முழுவதும் அவருடைய நிறுவனம் விற்றது 51 ரேசர்களும் 168 பிளேடுகளுமே. மறு ஆண்டில் ரேசர் விற்பனை தொண்ணூறாயிரத்தைக் கடந்தது. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர் இலட்சக்கணக்கானோர் கைக்கு அது சென்றது. போர் முடிந்து வீடு திரும்பியவர்கள் அப்பழக்கத்தையும் கொண்டு சென்றனர். ஆயினும் எறியும் அலகு புதிய கண்டுபிடிப்பு என்று யாரேனும் சொன்னால் இத்தீவினராகிய நாம் ஒப்புக்கொள்ளலாகாது. அந்தமானின் பழங்குடியினர் வெண்கல்லைச் சிதைத்தெடுத்த கூரிய சில்லுகளால் தலை மழித்தனர். பின்னர்ப் புட்டிக் கண்ணாடிச் சில்லுகளையும் பயன்படுத்தினர். ஒரு முறை பயன்பட்ட சில்லை மீண்டும் பயன்படுத்துவதில்லை, குப்பைமேட்டில் எறிந்துவிடுவர் என்று, போர்ட் பிளேரில் அதிகாரியாயிருந்த எட்வர்டு ஹோரஸ் மேன் 1880களில் எழுதிவைத்தார். ஜில்லெட் நிறுவனம் அப்போது பிறக்கவே இல்லை.

இனி, எம் நெஞ்சிலுள்ள செய்திக்கு வருகிறோம்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. சவரத் தொழிலாளிக்கு ஞாயிறு ஓய்வு நாளன்று, வேலை நாள். எம் தந்தையார் விடியுமுன்பே பெட்டியை எடுத்துக்கொண்டு மேட்டிலிருந்த லயத்திற்குச் சென்றுவிட்டார். ஆறரை மணியளவில் நிலம் நடுங்கிற்று. பின்னர்க் கடல் வந்தது. மேட்டிலிருந்தமையால் அவர் பிழைத்தார். கரையோரம் குடியிருந்த எம் சிற்றப்பாவும் அவர் மனைவி மக்களும் திரும்பவில்லை.

இரயில்வேயில் சேர்ந்து இரண்டாண்டுகூட நிறையாத யாம் கப்பலேறி வந்து, போர்ட் பிளேரில் ஒரு நிவாரண முகாமில் அவரைக் கண்டோம். (அந்நகருக்கு 2024 இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறியது. எம் வாய்க்குப் பழைய பெயரே வருகிறது.) முகாமில் ஆடவர் பலர் தலை மழித்துக்கொள்ளக் காத்திருந்தனர். உடல் கிடைக்காதோர்க்கும் கருமாதி செய்தாக வேண்டுமல்லவா? கையிலிருந்ததோ ஒரே கத்தி.

அங்கிருந்த செவிலியரம்மை ஒருவர் அதனைக் கண்டு, "ஐயா, ஒரே கத்தியைப் பல தலைக்கு வைக்காதீர்கள். சிறு கீறலிலும் இரத்தத்தின் வழியே மஞ்சட்காமாலையும் எய்ட்ஸும் பரவும்" என்றார். எமக்குச் சினம் வந்தது. நாற்பது ஆண்டுத் தொழிலை நேற்று வந்தவர் குறை சொல்வதா என்று வாயெடுத்தோம். தந்தையார் எம்மைக் கையமர்த்தினார். கத்தியைத் துடைத்து மடித்துப் பெட்டிக்குள் வைத்தார்.

"தம்பி, கடைக்குப் போய்ப் பிளேடு மாட்டுகிற கத்தி ஒன்றும், பிளேடு எத்தனை பொட்டலம் கிடைக்குமோ அத்தனையும் வாங்கி வா" என்றார்.

தலைக்கொரு பிளேடாக மூன்று நாள் மழித்தார். காசு வாங்கவில்லை. இறுதியில் எம் தலையை மழித்தார். தம் தலையை எம் கையாலேயே மழிக்கச் செய்தார். எமக்கு அத்தொழில் பழக்கமில்லை, இரண்டிடத்தில் கீறிவிட்டோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அதன்பின் அச்சோலிங்கன் கத்தியைப் பிறர் முகத்தில் அவர் வைத்ததே இல்லை. தம் முகத்திற்கு மட்டும், சாகும்வரை, அதுவேதான்.

இன்று அக்கத்தி எம்மிடம் உள்ளது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இவ்வுப்புக் காற்றில் அவர் துருவேறாமற் காத்ததை, யாம் ஒரே மழைக்காலத்தில் துருவேற விட்டோம். ஆறு திங்கள் அதனாலேயே சவரம் செய்து பார்த்தோம். ரேசரால் ஆறு நிமிடம், கத்தியால் இருபது. மின்சார இரயில் எமக்காகக் காத்திராது. மூன்று முறை தாடையில் வெட்டும் பட்டது. இங்கு வரும்போது ஆடும் கப்பலில் அதனைக் கையிலெடுக்கவும் துணியவில்லை. ஆகவே, பணக் கணக்கு ஒன்றையே பார்ப்பவர் சேஃப்டி ரேசரையே வாங்குக. பழைய பிளேடுகளைத் தகர டப்பாவில் சேர்த்து வையுங்கள். குப்பை அள்ளுவோரும் நம் போன்றோரே. சவரக் கடைக்குச் சென்றால், புதுப் பிளேடு மாட்டுவதைக் கண்ணால் கண்ட பின்னரே கழுத்தை நீட்டுங்கள்.

எம் தந்தையார் கத்திக்கு மட்டும் கணக்கு வேறு. கத்தி இருக்கிறது, கல்லும் வாரும் வாங்கும் 4,000 ரூபாய்தான் செலவு. பதினைந்து ஆண்டில், யாம் ஓய்வு பெற்ற மறு ஆண்டில், அது மீளும். எம் மகனுக்கு வயது பதினேழு. மீசை அரும்பிவிட்டது. தாத்தாவின் கத்திதான் வேண்டும் என்கிறான். ரேசரில் தொடங்கு என்றோம், கேட்கவில்லை.

கத்தியை இன்று கொணர்ந்துள்ளோம். அலகில் துரு தின்ற இடம் ஒன்று உள்ளது. முறையாகச் சாணை பிடிக்கத் தெரிந்த பெரியவர் இக்குடியிருப்பில் எவரேனும் இருப்பின், கூட்டம் முடிந்தபின் எம்மைக் காணுமாறு வேண்டுகிறோம். கப்பல் புறப்பட இன்னும் மூன்று நாள் உள்ளது.