நரி பரியானால் நிறை எங்கிருந்து வந்தது?

(சிவகிரியில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாணிக்கவாசகருக்காக இறைவன் நரிகளைப் பரிகளாக்கிய திருவிளையாடல் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த கதை. மதுரை ஆவணி மூலத் திருவிழாவில் இன்றும் அது நடத்திக் காட்டப்படுகிறது. இந்தக் கதையைச் சொன்னதும் வகுப்பில் ஒரு கேள்வி எழும்: "சார், நெசமாவே அப்படி மாற முடியுமா?"

வழக்கமாக நாம் சொல்லும் பதில்கள் இரண்டு. "அது கதை, பேசாமல் உட்கார்" என்பது ஒன்று. "அந்தக் காலத்திலேயே நம்மவர்களுக்கு அந்த அறிவியல் தெரியும்" என்பது மற்றொன்று. முதல் பதிலால் பிள்ளை கேள்வி கேட்பதையே நிறுத்திவிடும். இரண்டாவது பதிலால் சோதித்துப் பார்க்கும் பழக்கம் போய்விடும். மூன்றாவது பதிலும் உண்டு: "கணக்குப் போட்டுப் பார்ப்போமா?"

நரியின் நிறை சுமார் 10 கிலோ. குதிரைக்கு 400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மீதி 390 கிலோ எங்கிருந்து வந்தது? "ஆற்றல் நிறையாக மாறலாமே" என்று மேல்வகுப்பு மாணவன் கேட்டால், ஐன்ஸ்டீன் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதச் சொல்லுங்கள். விடை ஏறத்தாழ 3.5 × 10¹⁹ ஜூல். கூடங்குளத்தின் 1000 மெகாவாட் அணுஉலை ஒன்று இடைவிடாது ஓடினாலும், அவ்வளவு மின்னாற்றலைத் தர 1100 ஆண்டுகள் ஆகும். அதுவும் ஒரே ஒரு குதிரைக்கு!

நிறை கூடாமல் உருவம் மட்டும் பெருத்தால்? 10 கிலோ நரி, 400 லிட்டர் பருமனுக்கு விரிய வேண்டும். அடர்த்தி நீரில் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது தெர்மாகோல் போல. நம் ஊர் ஆடிக்காற்றில் அந்தக் குதிரை நிற்குமா?

இப்போது எதிர்ப்பக்கம் வருவோம். 60 கிலோ மனிதர் 2 கிலோ மலையணிலின் உருவத்துக்குள் அடங்கினால், அடர்த்தி நீரைப்போல் 30 மடங்கு. தனிமங்களில் அடர்த்தி மிகுந்த ஆஸ்மியம்கூட 22.6 மடங்குதான். அந்த அணில் ஏறும் சிறு கிளை முறிந்துவிடும்.

உருமாற்றம் இயற்கையிலும் நடக்கிறது. புளியங்குடிப் பக்கத்து எலுமிச்சை மரங்களில் பாருங்கள். புழு இலையைத் தின்று தின்றே நிறை கூடுகிறது. கூட்டுப்புழுவானதும் எதுவும் தின்பதில்லை; வெளிவரும் பட்டாம்பூச்சி கூட்டுப்புழுவைவிட நிறை குறைந்தே இருக்கும். கணக்கு எங்கும் தப்பவில்லை. ஒரு தராசு இருந்தால் பிள்ளைகளே நிறுத்துப் பார்க்கலாம்.

இதனால் கதைக்கு எந்தக் குறையும் இல்லை. அது சொல்ல வந்தது பக்தியை. அதைத் தமிழாசிரியர் அழகாகச் சொல்வார். நாம் அடர்த்திப் பாடத்துக்கு அதே கதையை எடுத்துக்கொள்வோம். "நிறை எங்கிருந்து வந்தது?" என்று கேட்டுப் பழகிய பிள்ளை, நாளை கைபேசியில் வரும் அதிசயச் செய்தியையும் அப்படியே கேட்கும்.