கட்டுகிறவன் கையில்தான் கடல்

(கடற்படை நாளையொட்டித் தூத்துக்குடிப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

1971 டிசம்பர் 4-ஆம் தேதி இரவு நிபாத், நிர்காட், வீர் என்ற மூன்று சின்ன ஏவுகணைப் படகுகள் கராச்சித் துறைமுகத்தின் வாசல்வரை போய் அடித்துவிட்டுத் திரும்பின. அந்த வெற்றியின் நினைவாகத்தான் கடற்படை நாள். கொண்டாடுவோம், நெஞ்சை நிமிர்த்திக் கொண்டாடுவோம்.

ஆனால் அந்தப் படகுகள் எங்கே கட்டப்பட்டவை? சோவியத் நாட்டில். ஐந்தே நாள் கழித்து டியூ கடற்பரப்பில் நம் குக்ரி கப்பல் மூழ்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் உயிர்விட்டார்கள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலோடு போனார். அந்தக் குக்ரி பிரிட்டனில் கட்டியது. அதை அடித்த பாகிஸ்தானின் நீர்மூழ்கி பிரான்ஸில் கட்டியது. இரண்டு ஏழை நாடுகள், பணக்கார நாடுகளிடம் வாங்கிய கப்பல்களில் ஏறி நின்று மோதின. உயிரைக் கொடுத்தவர்கள் நம் பிள்ளைகள். காசை எண்ணியவர்கள் வேறு எங்கோ இருந்தார்கள்.

நான் இன்று சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. கடற்படையைக் கடையில் வாங்க முடியாது. அது கப்பல் கட்டும் தளத்தில் பிறக்க வேண்டும். அந்தத் தளத்தில் ஒருநாளும் வேலை நிற்கக் கூடாது.

"வளரும் நாட்டுக்கு எதற்குக் கடற்படை? அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம் கட்டலாமே" என்று சிலர் கேட்கிறார்கள். நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். அவர்களுக்கு இந்தத் துறைமுகமே பதில் சொல்லும். 2020-இல் கொரோனாவால் விமானம் நின்றது, எல்லை மூடியது. கொழும்பிலும் மாலேயிலும் சிக்கிக்கொண்ட நம் மக்களை ஏற்றிக்கொண்டு ஜலாஷ்வா என்ற கடற்படைக் கப்பல் இங்கேதான் வந்து நின்றது. ஜூலை முதல் தேதி ஈரானின் பந்தர் அப்பாஸ் துறைமுகத்திலிருந்து 687 பேரைக் கொண்டுவந்து இறக்கியது. அவர்களில் பெரும்பாலோர் நம் மீனவர்கள். 2004 சுனாமியில் நம் கரையே பிணக்காடாகக் கிடந்தபோதும், நம் கப்பல்கள் இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் உதவி கொண்டு போயின. 2015-இல் ஏமனில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது ஏதென் துறைமுகத்துக்குப் போய் நம்மவர்களோடு பிற நாட்டவரையும் சேர்த்து மீட்டுவந்தது நம் கடற்படைதான். நம் வெளிநாட்டு வணிகத்தில், எடைக்கணக்கில் பார்த்தால், 95 சதவீதம் கடல்வழியாகத்தான் வந்துபோகிறது. அடுப்பு எரிவது கடலால், பேருந்து ஓடுவது கடலால். ஏழைக்குத்தான் ஐயா கடற்படை முதலில் வேண்டும்!

ஆனால் அந்த ஜலாஷ்வாவின் கதையைக் கேளுங்கள். அமெரிக்கக் கடற்படையில் 1971-இல் சேர்ந்த கப்பல் அது. முப்பத்தைந்து ஆண்டு அவர்கள் ஓட்டி, போதும் என்று ஒதுக்கியதை 2007-இல் நாம் வாங்கினோம். மறு ஆண்டே அதில் விஷவாயு கசிந்து நம் வீரர்கள் ஆறு பேர் செத்துப்போனார்கள். இதே மாதிரிக் கப்பல்களை நம் நாட்டிலேயே கட்டுவோம் என்று பத்தாண்டுக்கு முன்பே டெண்டர் விட்டார்கள். இன்றுவரை ஒன்றுகூடத் தண்ணீரில் இறங்கவில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய கப்பல்தான் இன்றும் நமக்கு அந்த வேலையைச் செய்கிறது.

"வாங்கினால் சீக்கிரம் கிடைக்கும், மலிவாகக் கிடைக்கும்" என்பது அடுத்த வாதம். இந்த வாதத்துக்கு நாம் கொடுத்த விலையைச் சொல்கிறேன். கோர்ஷ்கோவ் என்ற பழைய விமானந்தாங்கிக் கப்பலைச் செப்பனிட்டுத் தருவதாக 2004-இல் ரஷ்யாவோடு ஒப்பந்தம். விலை 97 கோடி டாலர். 2008-இல் தருவதாகப் பேச்சு. கப்பலும் வரவில்லை, கணக்கும் நிற்கவில்லை. வேலை பாதியில் நிற்கும்போது விலையை ஏற்றினார்கள். கடைசியில் 235 கோடி டாலர்! கைக்கு வந்தது 2013 நவம்பரில். நடுவில் நம்மால் என்ன செய்ய முடிந்தது? எழுந்து வர முடிந்ததா? முடியவில்லை. அடுத்தவன் பட்டறையில் நம் கப்பல் கிடக்கும்போது, அவன் சொல்வதுதான் விலை, அவன் தருவதுதான் தேதி.

இப்போது இன்னொரு கதை. கொச்சியில் நாமே விமானந்தாங்கிக் கப்பல் கட்டத் திட்டமிட்டோம். போர்க்கப்பலுக்கான எஃகை ரஷ்யாவிலிருந்து எதிர்பார்த்தோம். அது வரவில்லை. திட்டமே நின்றுபோகும் நிலை. அப்போது ஹைதராபாத்தில் இருக்கும் பாதுகாப்புத் துறையின் உலோக ஆய்வுக்கூடமும், செயில் நிறுவனத்தின் உருக்காலைகளும் சேர்ந்து உட்கார்ந்து நமக்கென்றே ஒரு எஃகை வார்த்தார்கள். ரூர்கேலாவிலும் பிலாயிலும் பொகாரோவிலும் உருட்டிய தகடுகள் கொச்சிக்கு வந்து சேர்ந்தன. சுமார் 30,000 டன்! அந்த எஃகில்தான் 262 மீட்டர் நீளமும் 2,300 அறைகளும் கொண்ட விக்ராந்த் எழுந்தது. 2022 செப்டம்பர் 2-ஆம் தேதி கடற்படையில் சேர்ந்தது. வெளிநாட்டுக்காரன் கதவைச் சாத்தியதால் நமக்கு ஒரு எஃகு கிடைத்தது. இன்று நம் மற்றப் போர்க்கப்பல்களுக்கும் அதே எஃகுதான்.

விக்ராந்த் கட்ட அடிக்கல்லிலிருந்து பதின்மூன்று ஆண்டு ஆயிற்றே என்பார்கள். ஆயிற்று. முதல் தடவை என்றால் ஆகத்தான் செய்யும். தாமதத்துக்கு மருந்து, நிறுத்தாமல் அடுத்ததைக் கட்டுவது. சந்தேகம் இருந்தால் நம் நீலகிரியைப் பாருங்கள். நம் மலையின் பெயரைத் தாங்கிய அந்தப் போர்க்கப்பல் 1972-இல் மும்பை மசகான் டாக்கில் பிரிட்டிஷ் வரைபடத்தை வைத்துக் கட்டி முடித்தது. அதோடு நிறுத்தவில்லை. அதே வரிசையில் ஆறு கப்பல்கள். ஒவ்வொன்றிலும் வெளிநாட்டுச் சாமான் குறைந்தது, நம் சாமான் கூடியது. பதினோரு ஆண்டில், 1983-இல், நாமே வரைந்து நாமே கட்டிய கோதாவரி கடற்படையில் சேர்ந்தது. வேலை தொடர்ந்தால் கை பழகும். கை பழகினால் மூளை துணியும்.

வேலை நின்றால் என்ன ஆகும்? நீர்மூழ்கிகளின் வரலாறு அதைத்தான் சொல்கிறது. கவனமாகக் கேளுங்கள்.

1981-இல் ஜெர்மனியோடு நான்கு நீர்மூழ்கிகளுக்கு ஒப்பந்தம். இரண்டை அவர்கள் கட்டித் தருவது, இரண்டை நாம் மும்பை மசகான் டாக்கில் கட்டுவது. நம் தொழிலாளர்கள் ஜெர்மனியின் கீல் நகரத்துக்கே போய்ப் பயிற்சி எடுத்து வந்தார்கள். நீர்மூழ்கியின் உடலில் வெல்டிங் வைப்பது வீட்டுக் கதவுக்கு வைப்பது மாதிரி இல்லை. ஆழ்கடலில் தண்ணீர் அதை நாலாபுறமும் நெரிக்கும். வைத்த ஒவ்வொரு வெல்டையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். முடியளவு விரிசல் தெரிந்தாலும் சுரண்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து வைக்க வேண்டும். அந்த நுட்பத்தை நம் ஆட்கள் கற்றார்கள். 1992-இல் சால்கி, 1994-இல் சங்குல் என்று இரண்டைக் கட்டி முடித்தும் காட்டினார்கள்.

அதற்குள் 1987-இல் அந்த ஒப்பந்தத்தில் கமிஷன் ஊழல் என்று புகார் வெடித்தது. விசாரிக்கட்டும், தப்பு செய்தவனைத் தண்டிக்கட்டும். யார் வேண்டாம் என்றது? ஆனால் நடந்தது என்ன? மேலும் கட்டவிருந்த நீர்மூழ்கிகளைக் கைவிட்டார்கள். குற்றவாளி என்று ஒருவனும் சிறைக்குப் போகவில்லை. பல ஆண்டு இழுத்து வழக்கையும் மூடினார்கள். தண்டனை அனுபவித்தது யார்? வெல்டிங் கற்ற தொழிலாளி! பத்தாண்டுக்கு மேல் அந்தத் தளத்தில் புதிய நீர்மூழ்கி வேலையே இல்லை. கற்றவர்கள் வயதாகி ஓய்வு பெற்றார்கள், பிழைப்புத் தேடி வேறு இடம் போனார்கள். 2005-இல் பிரான்ஸோடு புதிய ஒப்பந்தம் போட்டபோது அரிச்சுவடியிலிருந்து தொடங்கினோம். முதல் நீர்மூழ்கி கல்வரி வந்தது 2017-இல். அதற்கு வாங்கவிருந்த டார்பிடோவும் இன்னொரு ஊழல் புகாரில் ரத்தாகிவிட்டது. 1999-இல் முப்பது ஆண்டில் 24 நீர்மூழ்கிகள் என்று டெல்லியில் ஒப்புதல் கொடுத்தார்கள். டீசலில் ஓடும் வகையில் இன்றுவரை வந்தவை ஆறு!

இந்த ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் தோணி கட்டிய மக்கள். ஏரா என்ற அடிமரத்தை வைப்பதிலிருந்து, பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சைத் திணித்துக் கலப்பத்து அடிப்பதுவரை தோணித் தச்சரான ஓடாவிக்குக் கைதான் கணக்கு. அவர் உள்ளங்கையால் தடவிப் பார்த்தே பொருத்து சரியா தவறா என்று சொல்லிவிடுவார். எந்தப் புத்தகத்தில் அது எழுதியிருக்கிறது? பத்து வருஷம் பட்டறையில் தோணி ஏறவில்லை என்றால் ஓடாவியின் மகன் உளியைத் தொடுவானா? மசகான் டாக்கில் நடந்தது அதுதான்.

கட்டாமல் விட்டதன் சுமை யார் தலையில் விழுந்தது? பழைய நீர்மூழ்கிகளையே திரும்பத் திரும்பக் கடலுக்கு அனுப்பினோம். 2013 ஆகஸ்டில் மும்பைத் துறைமுகத்திலேயே சிந்துரக்ஷக் வெடித்து 18 பேர் இறந்தார்கள். ஆறு மாதம் கழித்துச் சிந்துரத்னாவில் தீ, இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள். அன்றைக்கே கடற்படைத் தளபதி டி.கே. ஜோஷி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். சீருடை போட்டவர் தலை குனிந்து வெளியேறினார். கோப்புகளைக் கிடப்பில் போட்டவர்களில் ஒருவராவது நாற்காலியை விட்டு எழுந்தாரா? 2012-இல் பாதுகாப்பு பட்ஜெட்டில் 18 சதவீதமாக இருந்த கடற்படையின் பங்கு 13 சதவீதமாக இறங்கிவிட்டது என்று 2019-இல் அன்றைய தளபதி கரம்பீர் சிங் வெளிப்படையாகவே சொன்னார். சொல்ல வேண்டியவர்கள் சொல்லிவிட்டார்கள். கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

நமக்குக் கட்டத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1817-இல் பம்பாயில் தேக்கில் கட்டிய திருகோணமலை என்ற போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. அந்தக் கையை ஒடித்தது அடிமைத்தனம். அதனால்தான் 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சி.யும் காலியா, லாவோ என்ற கப்பல்களைக் கடல் கடந்து வாங்க வேண்டியிருந்தது. அவரிடம் நாடு இல்லை, தளம் இல்லை. நம்மிடம் இரண்டும் இருக்கின்றன. கல்பாக்கத்தில் ஓட்டிப் பார்த்துப் பழகிய அணு உலையை வைத்து அரிஹந்த் நீர்மூழ்கியையே இறக்கியிருக்கிறோம். இனி நமக்குச் சாக்குச் சொல்ல என்ன இருக்கிறது?

எனவே இந்த மேடையிலிருந்து நாம் கேட்பது நான்கு.

ஒன்று: ஒரு கப்பல் தண்ணீரில் இறங்கும்போது அடுத்ததற்கு எஃகு வெட்டியிருக்க வேண்டும். ஒன்றிரண்டாக ஆர்டர் கொடுப்பதை விட்டு, வரிசையாகக் கொடுங்கள்.

இரண்டு: ஊழல் செய்தவனைப் பிடியுங்கள், தளத்தைப் பூட்டாதீர்கள். திருடன் மேல் உள்ள கோபத்தில் தொழிலாளியின் கையை வெட்டாதீர்கள்.

மூன்று: எந்தக் கப்பல் எத்தனை ஆண்டு பிந்தியது, யார் மேசையில் கோப்பு தூங்கியது என்று ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் பெயர் சொல்லி அறிக்கை வையுங்கள்.

நான்கு: தூத்துக்குடியில் கப்பல் கட்டும் தளம் அமைக்கக் கொச்சி கப்பல் கட்டும் நிறுவனத்தோடும் மசகான் டாக்கோடும் தமிழக அரசு 2025-இல் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்திருக்கிறது. அதைக் காகிதத்தில் மஞ்சள் பூக்க விடாதீர்கள். தளம் எழும்பும்வரை காத்திருக்காமல், இந்த மாவட்டத்து ஐ.டி.ஐ.களில் கப்பல் வெல்டிங்கை இன்றே சொல்லிக்கொடுங்கள். வேலைக்கு எடுக்கும்போது மூன்று மாத ஒப்பந்தக் கூலியாக எடுக்காதீர்கள். நாளைக்கு வேலை இருக்குமா என்று பயப்படுகிறவனிடம் முப்பது ஆண்டு நிற்கும் வெல்டிங்கை எப்படி எதிர்பார்ப்பீர்கள்? அவனை நிரந்தரமாக்குங்கள், மரியாதையாக நடத்துங்கள்.

வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் ரோடு கேட்கிறோம், தண்ணீர் கேட்கிறோம். இனிமேல் இதையும் கேளுங்கள்: "எங்கள் தளத்தில் அடுத்த கப்பல் எப்போது?" பதில் வரும்வரை விடாமல் கேளுங்கள்.

கடல் நமக்குச் சொந்தம் என்று கரையில் நின்று முழங்கினால் போதாது. கட்டுகிறவன் கையில்தான் கடல். அந்தக் கைகள் இந்தக் கூட்டத்தில் இருக்கின்றன. அவற்றுக்கு வேலை கொடு என்பதே நம் கோரிக்கை!