உறங்கும் வித்தணு விழிப்பது எவ்வாறு?



சித்திரை மாதத்து நண்பகல் ஒன்றில் திருச்சியிலிருந்து புறப்பட்டுத் திருவரங்கத்தைக் கடந்து கொள்ளிடக் கரையில் நின்றேன். ஆற்றில் நீரில்லை, மணல் அனலாய்க் கொதித்தது. கரையோரத்து மண்ணைக் கைப்பிடி அள்ளி நோக்கினேன். உயிரின் சுவடு எதுவும் கண்ணுக்குப் புலப்படவில்லை. ஆயினும் இத்தகைய மண்ணில், பாசில்லஸ் இனத்து நுண்ணுயிர்கள் வித்தணுக்களாக உறங்கிக் கிடப்பது இயல்பு.

வித்தணு என்பது யாது? உணவு அருகியதும் இந்நுண்ணுயிர் தன் மரபுப் பொருளைப் பல உறைகளுக்குள் பொதிந்துகொள்கிறது. உள்ளே நீர் குறைகிறது. டைபிகோலினிக் அமிலம் கால்சியத்தோடு கூடி நிறைகிறது. அதன்பின் அது உண்பதில்லை, வளர்வதில்லை, ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கிறது. கொதிநீரும் அதனை எளிதில் கொல்லாது. பெர்டினாண்டு கோன், இராபர்ட் கோக் என்னும் ஜெர்மானிய அறிஞர்கள் 1876ஆம் ஆண்டிலேயே இவ்வித்தணுக்களைப் பற்றி எழுதினர்.

உண்ணாது உறங்கும் ஒன்று, உணவு வந்ததை எங்ஙனம் அறிகிறது? நம் காவிரிக்கரை உழவரை எண்ணிப் பாருங்கள். கோடையில் ஒரு மழை பெய்துவிட்டது என்பதற்காக அவர் நாற்றங்காலில் விதை தெளிப்பதில்லை. மேட்டூர் அணை திறந்ததா, முக்கொம்புக்கு நீர் வந்ததா என்று பார்க்கிறார். அவசரப்பட்டால் முளை கருகிவிடும் அன்றோ?

வித்தணுவும் அவ்வாறே பொறுத்திருக்கிறது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் குரோல் சூயெல் என்பாரும் அவர்தம் குழுவினரும் 2022ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டனர். பாசில்லஸ் சப்டிலிஸ் வித்தணுக்களுக்குச் சில நிமிடங்களே ஊட்டப்பொருளைக் காட்டி, உடனே நீக்கினர். பல விழிக்கவில்லை. ஆயினும் ஒவ்வொரு முறையும் உள்ளிருந்த பொட்டாசியம் அயனிகளில் ஒரு பகுதி வெளியேறியது. அதனால் மின்னழுத்தம் மாறியது. அம்மாற்றம் ஓர் எல்லையைத் தாண்டியபோது வித்தணு விழித்தது. அவ்வயனிகள் உறங்குமுன்பே சேர்த்துவைத்தவை. ஆதலின் புதிதாக ஆற்றலைச் செலவிடாமலே அது கணக்கிட இயலுகிறது.

விழிப்புத் தொடங்கியதும் டைபிகோலினிக் அமிலம் வெளியேறுகிறது; நீர் உட்புகுகிறது; நொதிகள் உட்புறச் சுவரைக் கரைக்கின்றன. பழைய வெப்பந்தாங்கும் வன்மை அழிகிறது. ஜான் டிண்டால் 1877ஆம் ஆண்டில் இந்நிலையையே பயன்படுத்தினார். ஒருமுறை நெடுநேரம் கொதிக்கவைத்தும் அழியாதவற்றை, இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் சூடேற்றி அழித்தார். இடைவெளியில் விழித்தவை அடுத்த சூட்டில் மாண்டன.

இச்செய்தி ஆய்வுக்கூடத்தோடு நிற்பதன்று. அரிசியில் பாசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரின் வித்தணுக்கள் இருத்தல் கூடும். உலை கொதித்தாலும் அவை பிழைக்கும். விருந்துக்கு வடித்த சோற்றைப் பெரிய அண்டாவில் வெதுவெதுப்பாகப் பல மணி நேரம் மூடிவைத்தால் அவை விழித்துப் பெருகும். அவற்றுட் சில உண்டாக்கும் வாந்தி நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. எனவே சோற்றை நல்ல சூட்டிலேயே வையுங்கள். மீந்ததைப் பரப்பி விரைவில் ஆறச்செய்து குளிர்பெட்டியில் வையுங்கள். மாணவர் விடுதிகளிலும் இம்முறை தவறாது பேணப்படுமாயின், தடுக்கத்தக்க துன்பம் ஒன்று குறையும்.