கடைசி பஸ்ஸும் முதல் வயலினும்



1975-ஆம் ஆண்டு. வெனிசுவேலாவின் கராகஸ் நகரில் ஒரு வாகனத் தரிப்பிடம். ஹோசே அந்தோனியோ அப்ரேயு அங்கே 11 பிள்ளைகளைக் கூட்டிவைத்து வாத்தியம் பழக்கத் தொடங்கினார். பொருளியல் படித்தவர், பியானோவும் வாசிப்பார். காசு கட்ட வழியில்லாத பிள்ளையும் வாசிக்க வேண்டும், அதுவும் தனியே அல்ல, கூட்டாக என்பது அவருடைய பிடிவாதம். 2018-இல் அவர் மறைந்தபோது, ‘எல் சிஸ்தேமா’ என்ற அந்த முயற்சி இலட்சக்கணக்கான பிள்ளைகளைத் தொட்டிருந்தது. பெயர்பெற்ற இசை நடத்துநர் குஸ்தாவோ டுடமெல் அதில் வளர்ந்தவர்தான்.

கராகஸுக்கும் முல்லைத்தீவுக்கும் என்ன தொடர்பு என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுக்கிறார்கள். தொடர்பு உண்டு.

அந்த முறையைப் பார்த்துத்தான் சாலினி விக்கிரமசூரிய ‘மியூசிக் புரொஜெக்ட்’ என்ற அமைப்பை இலங்கையில் தொடங்கினார். போருக்குப் பின், முல்லைத்தீவுப் பாடசாலைகளுக்கும் குருநாகல் பாடசாலைகளுக்கும் வயலினும் ரெக்கோடரும் போயின. தமிழ்ப் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும் சேர்ந்து வாசித்தார்கள். இதனால் இன ஒற்றுமை வந்துவிடும் என்று நம்புவது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் வாத்தியம் பாடசாலை வாசலுக்குள் வந்ததே, அது சின்னக் காரியமல்ல.

ஏனென்றால் முல்லைத்தீவு உள்ளிட்ட வன்னியில் சங்கீதம் படிப்பது பெற்றோரின் கைக்காசையும் பஸ்ஸையும் நம்பியிருக்கிறது. வட இலங்கை சங்கீத சபை 1931 முதல் இயங்குகிறது, தரம் தரமாகப் பரீட்சை நடத்துகிறது, ஆசிரியர் தரம் சித்தியடைந்தவருக்குக் ‘கலாவித்தகர்’ பட்டம் கொடுக்கிறது. அந்தச் சபை இல்லாவிட்டால் எத்தனையோ பாடசாலைகளுக்குச் சங்கீத ரீச்சரே கிடைத்திருக்கமாட்டார். அந்த நன்றி மறக்கக்கூடியதல்ல. என்றாலும் பரீட்சைக்குப் பிள்ளையைத் தயார்படுத்துவது பெரும்பாலும் பின்னேர வகுப்பு. பாடசாலை 1.30-க்கு விடும். துணுக்காயிலோ கொக்கிளாயிலோ இருக்கிற பிள்ளை அதற்குப் பிறகும் வயலின் வகுப்புக்கு நின்றால், வீட்டுக்கு எதில் போவது? தந்தி அறுந்தால் மாற்ற எந்தக் கடைக்கு ஓடுவது? நன்றாகப் பழக்கிய ரீச்சருக்கு இடமாற்றம் வந்தால், வாத்தியம் அலுமாரிக்குள் போய்விடும்.

வயலின் வரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் கோவலன் கூத்து ஆடிய மண் இது. பண்டிப்பள்ளும் குருவிப்பள்ளும் பன்றியும் குருவியும் வயலை அழித்த கதையைப் பாடிய மண். மத்தளம் தட்டி ஒரு ஊரையே ஆடப் பழக்கும் அண்ணாவியாரை விடவா கூட்டு இசைக்கு வேறு ஆசிரியர் வேண்டும்? அவரைப் பாடசாலைக்குள் கூப்பிடும்போது பட்டச் சான்றிதழ் கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது.

ஆகவே கேட்பது பெரிய காசு அல்ல. அடுத்த தவணை நேரசூசியில், 1.30-க்கு முன்னரே, கிழமைக்கு இரண்டு பாடவேளை கூட்டு வாசிப்புக்கு வேண்டும். வாத்தியங்களைப் பாடசாலையின் பெயரில் வைத்து, பிள்ளைகள் வீட்டுக்கு இரவல் கொண்டுபோக விட வேண்டும். அண்ணாவியாருக்குப் போக்குவரத்துச் செலவாவது கொடுக்க வேண்டும். அதிபர்மார் முன்வரிசையில்தான் இருக்கிறார்கள். தேநீருக்கு எழும்ப முன்னமே கேட்டுவிடலாம்.