தாங்கிக்கொள்ளும் செல்லுக்கு ஆகும் செலவு



அளவுதான் நஞ்சைத் தீர்மானிக்கிறது என்று 16ஆம் நூற்றாண்டில் பாராசெல்சஸ் சொன்னதை நச்சியலின் முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். அளவு குறையக் குறையத் தீங்கும் குறைந்துகொண்டே போகும் என்று மாணவர்கள் புரிந்துகொள்கிறார்கள். ஆனால் 1888இல் ஹ்யூகோ ஷுல்ஸ் ஈஸ்ட்டில் கண்டது வேறு. அதிக அளவில் ஈஸ்ட்டைக் கொல்லும் கிருமிநாசினிகள், மிகக் குறைந்த அளவில் அதன் நொதித்தலைக் கூட்டின. அதை அவர் ஹோமியோபதிக்குச் சான்றாக நிறுத்தப்போக, நல்லதொரு கண்டுபிடிப்பு நெடுங்காலம் சந்தேகத்துக்குள்ளாகிக் கிடந்தது. 1943இல் சதாம், எர்லிக் இருவரும் செஞ்சீடார் மரச் சாற்றைப் பூஞ்சைகளில் சோதித்து இதே போக்கைக் கண்டு, ஹார்மெசிஸ் என்று பெயரிட்டார்கள்.

பெயர் வந்துவிட்டது. செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

1977இல் லியோனா சாம்சனும் ஜான் கெய்ர்ன்ஸும் ஈ. கோலை பாக்டீரியாவை, டி.என்.ஏ.வில் மீத்தைல் தொகுதியை ஒட்டவைக்கும் ஒரு வேதிப்பொருளின் மிகக் குறைந்த செறிவில் வளர்த்தார்கள். பிறகு அதே பொருளைப் பெரிய அளவில் கொடுத்தபோது, அந்த பாக்டீரியாக்கள் முன்பு அதைச் சந்திக்காதவற்றைவிட அதிகம் பிழைத்தன. திடீர்மாற்றங்களும் குறைவாகவே இருந்தன. இதன் பின்னால் இருப்பது ஆடா என்ற புரதம். டி.என்.ஏ.வில் ஒட்டிய மீத்தைலைத் தன்னிடமுள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் அது ஏற்றுக்கொள்கிறது. ஏற்ற மீத்தைலைத் திரும்ப இறக்கிவைக்க அதற்கு வழியில்லை. ஒரு பழுதைச் சரிசெய்ய அந்தச் சிஸ்டீன் செலவாகிவிடுகிறது. அதே புரதத்தின் வேறொரு சிஸ்டீனில் மீத்தைல் ஏறும்போது, ஆடாவை மேலும் உற்பத்தி செய்யும்படி அதுவே மரபணுவை முடுக்குகிறது. நஞ்சு எவ்வளவு வந்திருக்கிறது என்பதை செல் தான் படும் பழுதைக் கொண்டே அளக்கிறது என்பதை நினைக்கும்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இனி காட்மியத்துக்கு வருவோம். குதிரையின் சிறுநீரகத்திலிருந்து 1957இல் பிரித்தெடுக்கப்பட்ட மெட்டலோதையோனீன் ஒரு சிறு புரதம். அதன் அறுபத்துச் சொச்சம் அமினோ அமிலங்களில் 20 சிஸ்டீன்கள். காட்மியம் உள்ளே வந்தால் செல் இந்தப் புரதத்தை அதிகம் தயாரித்து, உலோகத்தைக் கட்டிப்போடுகிறது. செல் தப்பிக்கிறது. ஆனால் கட்டிப்போட்ட காட்மியம் உடலைவிட்டு எளிதில் வெளியேறுவதில்லை. கல்லீரலிலிருந்து இந்தப் புரதத்தோடு சேர்ந்து கசியும் உலோகத்தைச் சிறுநீரக நுண்குழாய்கள் வடிநீரிலிருந்து மீட்டெடுத்துச் சேர்த்துவைக்கின்றன. அங்கே அதன் அரைவாழ்வு 10 முதல் 30 ஆண்டுகள். ஜப்பானின் ஜின்சு ஆற்று நீர் பாய்ந்த வயல்களின் அரிசியைச் சாப்பிட்டவர்களுக்கு இத்தாய்-இத்தாய் நோய் வந்தது இப்படித்தான். ஆற்றின் மேல்பகுதியில் இருந்த கமியோகா சுரங்கத்தின் கழிவே காரணம் என்று ஜப்பான் அரசு 1968இல் ஒப்புக்கொண்டது. சிறுநீரகம் பழுதாகி, எலும்பு நொறுங்கி, வலியில் துடித்தவர்கள் அவர்கள். செல்லின் பிழைப்பு, உடலின் சுமையாகிவிட்டது.

இன்னொன்று. கீப்-1 புரதம் எப்போதும் என்.ஆர்.எஃப்-2 புரதத்தைப் பிடித்துச் சிதைவுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். நஞ்சு கீப்-1இன் சிஸ்டீன்களைத் தாக்கினால் பிடி தளர்கிறது. விடுபட்ட என்.ஆர்.எஃப்-2ஆல், குளுட்டாதயோன் என்ற தற்காப்புப் பொருளைத் தயாரிக்கும் மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. சிறந்த ஏற்பாடுதான். ஆனால் நுரையீரல் புற்றுநோய்கள் சிலவற்றில் கீப்-1 பழுதாகி இந்தத் தற்காப்பு ஓயாமல் இயங்குகிறது. அதைக் கொண்டே கட்டி கீமோ மருந்தையும் தாங்கிக்கொள்கிறது.

ஆகவே ‘குறைந்த அளவு நல்லது’ என்று ஹார்மெசிஸை முன்வைத்து நச்சுப் பொருள்களுக்கான வரம்புகளைத் தளர்த்தச் சொல்லும் வாதத்தை நான் ஏற்கவில்லை. தட்டில் வளர்க்கும் செல் தெம்பாக இருப்பதும், குழந்தையின் மூளை நலமாக இருப்பதும் ஒன்றல்ல. ஈயத்துக்குப் பாதுகாப்பான இரத்த அளவு எதுவும் அறியப்படவில்லை. அதேபோல, ஹார்மோன்களைப் போல நடந்துகொள்ளும் பொருள்கள் சில, குறைந்த அளவில் காட்டும் விளைவை அதிக அளவில் காட்டாமல் போகலாம். அதிக அளவை மட்டும் சோதித்தால் அது தப்பிவிடும்.

இந்த நச்சியல் கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்பேன்: நஞ்சை நீக்கிய பிறகு அந்த செல் பழைய நிலைக்குத் திரும்ப எவ்வளவு நேரம் ஆயிற்று, மீண்டும் கொடுத்தபோது முதல்முறை போலவே பதிலளித்ததா? அளவுக்கு எதிராக விளைவை மட்டும் வரைந்து வந்திருப்பவர்கள், நேரத்தையும் சேர்த்து வரைய இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. முதல் அமர்வைத் தொடங்கலாம்.